கைவிடப்பட்ட மென்பொருளும் கைவிடக் கூடாத பதிவுகளும்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மெயின்பிரேம் என்று சொல்லப்படும் பெரிய கணினிகளில் தரவுகளைச் சேமித்து வைக்கும் பழைய மென்பொருளைப் பற்றியது. அந்த மென்பொருளைச் செய்தவர்களே ஒரு நாள் "இனி இதை நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்போது அதற்குள் இருக்கும் பதிவுகளின் கதி என்ன? அதைப் பற்றித்தான் இந்த ஒரு மணி நேரமும் பேசப் போகிறேன்.

இது பொறியியலாளர்களின் தலைவலி, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? இந்த மண்டபத்தில் ஓய்வூதியம் எடுப்பவர்கள் எத்தனை பேர்? பிள்ளை பிறந்த கையோடு காப்புறுதிப் பத்திரம் எடுத்தவர்கள் எத்தனை பேர்? சேமலாப நிதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் கழித்துவிட்டவர்கள் எத்தனை பேர்? இவை எல்லாம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கான வாக்குறுதிகள். அந்த வாக்குறுதியை எழுதி வைத்திருக்கும் மென்பொருளுக்கோ பல வேளைகளில் பத்து ஆண்டு ஆதரவு கிடைத்தாலே பெரிய காரியம். வாக்குறுதியின் ஆயுள் நீளம், அது எழுதப்பட்ட பலகையின் ஆயுள் குறைவு. என் பேச்சு முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

நம் இலங்கைக்குக் கணினி வந்தது 1960களின் பிற்பகுதியில். அரச பொறியியல் கூட்டுத்தாபனம் அதில் முன்னோடி. அந்தக் காலத்துக் கணினிக்கு உணவு துளை அட்டை. ஓர் அட்டையில் 80 நிரல்கள், அதற்கு மேல் இடமில்லை. ஒருவருடைய பெயர், இலக்கம், திகதி, தொகை எல்லாவற்றையும் அந்த 80க்குள் அடக்க வேண்டும். பெயருக்கு 20 நிரல் ஒதுக்கினால் அதுவே தாராளம். நம் ஆட்களின் பெயரோ தகப்பன் பெயரோடு சேர்த்து ஆங்கிலத்தில் எழுதினால் முப்பது எழுத்தைத் தாண்டும். சிவசுப்பிரமணியத்தின் மகன் இரத்தினசபாபதி அந்த இருபதுக்குள் எப்படி அடங்குவார்? வெட்டினார்கள். அட்டை நாடாவாக மாறியது, நாடா வட்டாக மாறியது. வெட்டிய பெயர் மட்டும் அப்படியே பிரதியாகிக்கொண்டு வந்தது. அடையாள அட்டையில் ஒரு பெயர், பழைய பதிவில் ஒரு பெயர் என்று சத்தியக் கடதாசி முடிக்க அலைந்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள்.

சரி, மென்பொருள் கைவிடப்படுவது என்றால் என்ன? ஓர் உண்மையான சம்பவத்தைச் சொல்கிறேன்.

ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் சிஸ்டம் 360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அந்தக் காலத்தில் தரவுகளை வரிசையாகவும் வைக்கலாம், சுட்டெண்ணைக் கொண்டு நேரடியாகவும் எடுக்கலாம் என்ற வசதியோடு ஐசாம் என்றொரு சேமிப்பு முறையைத் தந்தார்கள். வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அதன் மேல் வீடு கட்டின. 1970களில் அதைவிடச் சிறந்த வீசாம் வந்தது. புத்திசாலிகள் மாறினார்கள். மற்றவர்கள் "ஓடுகிறதுதானே, ஏன் தொட வேண்டும்?" என்று இருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, முப்பது ஆண்டுகள் அப்படியே இருந்தார்கள்! 2005இல் இசட் ஓ.எஸ். 1.7 என்ற மெயின்பிரேம் இயங்குதளப் பதிப்பு வந்தபோது ஐசாம் கோப்புகளைத் திறக்கும் வசதியை ஐ.பி.எம். அடியோடு எடுத்துவிட்டது. முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் எடுத்தார்கள். கோப்பை வீசாமுக்கு மாற்றப் பயன்பாட்டு நிரல் இருந்தது. பழைய நிரல்கள் தாம் ஐசாமோடு பேசுவதாகவே நினைத்துக்கொண்டு வீசாமோடு பேச ஓர் இடைமுகமும் இருந்தது. எல்லாம் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனையும் இருந்தது.

அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். மாற்றும் வேலையைப் பழைய பதிப்பில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். புதிய பதிப்புக்குப் போன பிறகு, மாற்றுவதற்காகக்கூட அந்தக் கோப்பைத் திறக்க முடியாது. கதவு மூடிய பிறகு சாமான் எடுக்க வந்தால் எடுக்க முடியுமா? பழையது சாகும்வரை காத்திருந்து விட்டு மாறலாம் என்பது பெரிய தவறு. பழையது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற காலம்தான் மாறுவதற்குரிய காலம்.

அடுத்த கேள்வி. தரவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் போதுமா?

ஒரேயொரு எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய கணக்கில் 345 ரூபாய் 67 சதம் இருக்கிறது. மெயின்பிரேம் இதை எப்படி எழுதி வைக்கும்? இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கங்களைத் திணிக்கும். முதல் பைட்டில் 34, இரண்டாவதில் 56, மூன்றாவதில் 7, அதன் பக்கத்தில் சி என்ற குறி. சி என்றால் வரவு, டி என்றால் பற்று. மூன்றே பைட்டில் காரியம் முடிந்தது. இனி இந்தக் கோப்பை அப்படியே ஒரு மடிக்கணினியில் திறந்து பாருங்கள். திரையில் என்ன தெரியும்? நாலு என்ற இலக்கம், வி என்ற ஆங்கில எழுத்து, ஒரு நெடுங்கோடு. ரூபாயும் இல்லை, சதமும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த மூன்று பைட்டுக்குள் தசமப் புள்ளி எங்கே? எங்கேயும் இல்லை! அது 345 ரூபாய் 67 சதமா, 34,567 ரூபாயா என்று கோப்பு உங்களுக்குச் சொல்லாது. அதைச் சொல்வது வேறொரு ஏடு. கோபொல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதுபவர்கள் அதைக் கொப்பி புக் என்பார்கள். முதல் பத்து இடம் பத்திர இலக்கம், அடுத்த இருபது பெயர், அடுத்த மூன்று பைட் தொகை, அதில் கடைசி இரண்டு இலக்கம் சதம் என்று வரி வரியாக எழுதிய பட்டியல் அது. கொப்பி புக் தொலைந்தால் தரவு இருந்தும் இல்லாத கதைதான்.

தரவை மாற்றுகிறோம் என்று சொல்லி ஆட்கள் செய்யும் கொடுமை ஒன்று உண்டு. ஐ.பி.எம். மெயின்பிரேமில் எழுத்துகளுக்குரிய குறியீடு எப்சிடிக். நம் கணினிகளில் ஆஸ்கி. ஆங்கில ஏ எழுத்து அங்கே 193, இங்கே 65. ஆகவே கோப்பை அனுப்பும்போது "எழுத்தாக மாற்றி அனுப்பு" என்று ஒரு கட்டளை கொடுப்பார்கள். பெயர்கள் அழகாக மாறி வரும். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்த மூன்று பைட்டையும் கணினி எழுத்தென்றே நினைத்து மாற்றியிருக்கும். கடைசியில் இருந்த 7சி, 40 ஆகியிருக்கும். வரவு என்ற குறியும் போயிற்று, ஏழு சதமும் போயிற்று. பெயர் சரியாக இருப்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு விதவைத் தாய் காப்புறுதிப் பணம் கேட்டு வரும்போதுதான் தெரியும்.

தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் ஒரு பைட்டும் மாறாமல் மூலத்தின் பிரதியை எடுத்துப் பூட்டி வைப்பார்கள். பிறகு கொப்பி புக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புலமாக மாற்றுவார்கள்.

நண்பர்களே, கொப்பி புக்கிலும் எழுதப்படாத அறிவு ஒன்று இருக்கிறது. கொழும்புக் கோட்டையில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். அதன் பழைய பதிவுகளை மாற்றும் வேலையில் நானும் இருந்தேன். பதிவில் நிலைக்குறி என்று ஓர் இலக்கம். ஒன்று என்றால் நடைமுறையில் உள்ளது, இரண்டு என்றால் முதிர்ந்தது, மூன்று என்றால் காலாவதி. இவை ஆவணத்தில் இருந்தன. சில பதிவுகளில் மட்டும் ஒன்பது என்று இருந்தது. ஆவணத்தில் ஒன்பதே இல்லை. இளைய பொறியியலாளர் ஒருவர், "பிழையான தரவு, காலாவதியில் போட்டுவிடுவோம்" என்றார். நல்ல வேளை, அங்கே முன்பு வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் வெள்ளவத்தையில் மகளோடு இருந்தார். அவரிடம் போய்க் கேட்டோம். "தம்பி, அது எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாங்கள் போட்டது. கடிதம் போட்டால் திரும்பி வரும். ஆள் அகதி முகாமிலா, யாழ்ப்பாணத்திலா, கடல் கடந்தா என்று தெரியாது. பணம் கட்டவில்லை என்று அந்தச் சனத்தின் பத்திரத்தை வெட்ட மனம் வரவில்லை. ஆள் வரும்வரை தொடாதே என்பதற்குத்தான் ஒன்பது" என்றார்.

எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு கருணை, ஓர் இலக்கத்துக்குள் இருந்தது. அவரிடம் கேட்காமல் விட்டிருந்தால்? ஒரு தலைமுறையின் இடப்பெயர்வு பிழையான தரவு என்று துடைக்கப்பட்டிருக்கும்.

தமிழருக்கு இது புதிய பாடமா? ஓலைச் சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமா ஏகாரமா என்று பிரித்துக் காட்டாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்து இருக்கும், ஆனால் அதை எப்படி வாசிப்பது என்பது ஏட்டில் இராது. அது வாசிப்பவனின் பயிற்சியில் இருக்கும், அவனுக்குக் கற்பித்த ஆசிரியரிடம் இருக்கும். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடு தேடியதோடு அவர் வேலை முடியவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்த காலத்தில், வாசிப்பையும் சேர்த்து அச்சில் ஏற்றினார். ஏடு முழுதாக ஒடிந்த பிறகு அவர் வந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

இன்றைய கொழும்புக்கு வருவோம். கைவிடப்பட்ட மென்பொருளால் வந்த இழப்பு என்றால் தூர தேசத்துக் கதை சொல்ல வேண்டிய தேவையில்லை. 2023 ஆகஸ்ட் மாதம், லங்கா அரசாங்க முகில் என்ற நம் அரசின் கணினிச் சேவை கப்பம் கேட்கும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அரச அலுவலகங்களின் மின்னஞ்சல் கணக்குகள் சுமார் 5,000. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அங்கே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரல் மாதமே முடிந்துவிட்டது. மேம்படுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தும் பணமில்லை, முடிவில்லை என்று தள்ளிப் போயிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்கு மீட்டெடுக்கக் காப்புப் பிரதி இல்லை. ஓர் அரசின் மூன்று மாதக் கடிதப் போக்குவரத்து போனது போனதுதான்!

ஒரு நூலகம் எரிந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981ஐ நாம் மறக்கவில்லை. தீயும் புகையும் இல்லாமலும் பதிவுகள் அழியும் என்பதைத்தான் இந்தத் தலைமுறை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் உடனே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். அவசரமும் ஆபத்துதான். பிரித்தானியாவில் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் பழைய கணினி அமைப்பிலிருந்து ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதியதற்கு மாற்றியது. திங்கட்கிழமை காலையில் ஏறத்தாழ 19 இலட்சம் பேரால் தங்கள் கணக்குக்குள் போக முடியவில்லை. பின்னர் 2022இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வங்கிக்கு விதித்த அபராதம் 4 கோடியே 86 இலட்சம் பவுணுக்கு மேல். லண்டனில் உள்ள நம் உறவினர்களைக் கேட்டால் அந்த நாட்களைப் பற்றிச் சொல்வார்கள்.

நிதானமாகப் போனவர்களும் உண்டு. சிதம்பரத்துக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள் சென்னையில் இரயில் முன்பதிவு செய்திருப்பீர்கள். இந்திய இரயில்வே 1980களின் நடுவில் டில்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கியது. பின்னர் கான்சர்ட் என்ற அமைப்பால் ஐந்து மையங்களை ஒன்றோடொன்று இணைத்தது. அதற்கு அடித்தளமான வி.எம்.எஸ். இயங்குதளத்தைச் செய்த டிஜிட்டல் நிறுவனத்தை 1998இல் கொம்பாக் வாங்கியது. கொம்பாக்கை 2002இல் எச்.பி. வாங்கியது. பின்னர் இயங்குதளத்தின் பராமரிப்பு வேறொரு நிறுவனத்திடம் போனது. அது ஓடிய இட்டேனியம் சில்லுகளை அனுப்புவதை இன்டெல் 2021இல் நிறுத்திக்கொண்டது. முதலாளி மாறினார், பெயர் மாறியது, இயந்திரம் மாறியது. பயணச்சீட்டு முன்பதிவு மட்டும் தொடர்ந்தது. இப்போது முழு அமைப்பையும் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே. எனக்கு அந்த வேலை மீது மிகுந்த மரியாதை உண்டு.

அருகருகே ஓட்டுவது என்று இதைச் சொல்வோம். பழையதும் ஓட வேண்டும், புதியதும் ஓட வேண்டும். மாத முடிவைப் பார்த்தால் போதாது, ஆண்டு முடிவையும் கடக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்றா? தொகைகளின் கூட்டு, சதம் வரைக்கும் ஒன்றா? இது பொதுக் கணக்கு. அதைவிட முக்கியம், வழக்கத்துக்கு மாறான பதிவுகளைத் தேடிப் பிடித்துக் கண்ணால் பார்ப்பது. பற்றில் நிற்கும் கணக்கு, பெப்ரவரி 29இல் பிறந்தவர், முதலெழுத்து மட்டும் உள்ள பெயர், அந்த ஒன்பது. பிழைகள் எப்போதும் அங்கேதான் குடியிருக்கும்.

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன். கொட்டாஞ்சேனை அச்சகங்களில் முப்பது ஆண்டுகளாக எத்தனை கும்பாபிஷேக மலர், எத்தனை பாடசாலை ஆண்டு மலர், எத்தனை நினைவு மலர், எத்தனை கவிதை நூல் அடித்திருப்போம்! பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் மென்பொருளில், அந்தக் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பு 2012இல் வந்த சி.எஸ். 6. அதற்குப் பின் வந்த பதிப்புகள் அவற்றைத் திறக்க மாட்டா. இதுவும் அதே ஐசாம் கதைதான், நம் தெருவிலேயே நடக்கிறது.

பாமினியின் உள்ளே போய்ப் பாருங்கள். "அம்மா" என்று அடித்தால் கோப்பில் கிடப்பது என்ன? எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச். ஆங்கிலக் குறிகள் ஐந்து. பாமினி எழுத்துரு இருந்தால் அம்மா தெரிவார். இல்லாவிட்டால் அவர் அங்கே இல்லை. இந்த எழுத்து இந்த எழுத்துருவில் என்ற குறிப்புத்தான் இங்கே கொப்பி புக். மலரில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும். எழுத்துருக் குறிப்பை உதறிவிட்டு வெறும் எழுத்தாகக் கொட்டி, மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றினால், ஆங்கிலத்தில் இருந்த முகவரியும் தமிழ்ப் பிதற்றலாக மாறும். மெயின்பிரேமில் ஏழு சதம் போன அதே வழியில்.

செய்யக் கூடிய காரியமா? செய்து காட்டியவர்கள் நம்மவர்கள்தாம். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சி, தொடக்க காலத்து எழுத்துருக்களிலிருந்து தகுதரம் என்ற குறியீட்டுக்கும், அங்கிருந்து யூனிகோடுக்கும் தன் நூல்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு தடவை மாற்றியதோடு படுத்துவிடவில்லை. ஈழத்து எழுத்துகளுக்காக 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம், அச்சுப் பிரதிகளைப் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தவை. இந்த வேலையை இரவில் கண் விழித்துச் செய்தவர்கள் இவர்கள்.

ஆகவே கோயில் பரிபாலன சபையினரிடம், சங்கத்துச் செயலாளர்களிடம், அச்சக உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பேஜ்மேக்கர் இன்னும் ஓடும் பழைய கணினி உங்களிடம் இருந்தால் அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கோப்புகளை அப்படியே ஒரு வட்டில் பிரதி எடுங்கள். பிறகு அந்தக் கணினியிலேயே ஒவ்வொரு மலரையும் திறந்து, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். பக்கம் கண்ணுக்குத் தெரியும் வடிவில் இருந்தால், எழுத்துகளை ஆறுதலாக மாற்றலாம். எந்தக் கோப்பு, எந்த ஆண்டு, எந்த எழுத்துரு, யார் தட்டச்சு செய்தது என்று ஒரு தாளில் எழுதி, அதே உறையில் வையுங்கள். அந்தத் தட்டச்சுக்காரப் பிள்ளை இப்போது கனடாவில் இருந்தாலும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இளைய நண்பர்களுக்கும் ஒன்று. பல்கலைக்கழகத்தில் உங்களுக்குப் புதிய மொழிகள்தான் கற்பிப்பார்கள். கோபொல் கிழவர்களின் மொழி என்று சிரிப்பார்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து பழைய அமைப்பு திணறியபோது, கோபொல் தெரிந்தவர்கள் முன்வாருங்கள் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பகிரங்கமாகக் கேட்டார். அந்த மொழியை வாசிக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள். இந்த நகரத்தில் அதை எழுதிய ஐயாமாரும் அம்மாமாரும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலும் சிலர் இருக்கிறார்கள், முகங்கள் எனக்குத் தெரிகின்றன. கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு மேசையில் பதிவேடு வைத்திருப்பார்கள். எந்த நிறுவனத்தில், எந்த ஆண்டுகளில், எந்த அமைப்பில் வேலை செய்தீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்பார்கள்.